‘ஆட்கள்’ என்றொரு யூசர்

முட்டைக் கோழிக்கு வியர்க்காது. இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்கு அது தெரியும். வெயில் ஏறினால் அலகைத் திறந்து மூச்சு வாங்கும். அடைத்த ஷெட்டில் ஃபேன் நின்றுவிட்டால் சிறிது நேரத்தில் வரிசையாகச் சரிந்துவிடும். மோகனூர்ப் பக்கம் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் சேலத்தில் வளர்ந்தவன். முட்டையைக் கடையில்தான் பார்த்திருக்கிறேன்.

வாக்குமூலத்தை நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள், ஐயா. சொல்கிறேன்.

மயில்சாமியின் பண்ணைக்கு எச்சரிக்கை அமைப்பைச் செய்து கொடுத்தவன் நான். அலுவலகத்தில் ஒரு சிறிய கணினி. ஷெட்டுகளில் வெப்பத்தை அளக்கும் கருவிகள். வேலை நேரத்தில் ஆட்களின் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் அவர்களுக்குப் பட்டன்கள் வைத்தோம். ஆட்களின் குடியிருப்பில் ஒன்று, முட்டை அறையில் ஒன்று, தீவன ஆலையில் உயரமான மக்காச்சோளத் தொட்டியின் வாயருகே ஒன்று. அழுத்தினால் கணினிக்குள் ஒரு சிக்னல் பிறக்கும். சூப்பர்வைசர் ஜெயபிரகாஷ் திரையில் அதைப் பார்த்து ‘பார்த்தாச்சு’ என்று தட்டும்வரை அது வரிசையில் காத்திருக்கும்.

அந்த வரிசையை வைத்திருப்பது கெர்னல். கணினியின் அடியில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுக்கும் நிரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிரல் ஓடினாலும் ஏதோ ஒரு யூசரின், அதாவது பயனர் கணக்கின், பெயரில்தான் ஓடும். ஒரு யூசரின் பெயரில் இத்தனை சிக்னல்கள்தான் காத்திருக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. வரம்பு நிரம்பிவிட்டால், புதிதாக வருவதை இடமில்லை என்று கெர்னல் திருப்பி அனுப்பிவிடும். நியாயமான ஏற்பாடு. ஒருவருடைய கூச்சல் மற்றவர் குரலை அடைத்துவிடக் கூடாது அல்லவா.

முதலில் எல்லாமே ஒரே யூசரின் பெயரில் ஓடின. சித்திரையில் குடியிருப்புக்குத் தண்ணீர் வரவில்லை. அங்கிருந்தவர்கள் பட்டனை அழுத்தினார்கள், அழுத்திக்கொண்டே இருந்தார்கள். வரிசை நிரம்பியது. ஒரு மதியம் ஷெட்டில் ஃபேன் நின்றபோது கோழிகளின் சிக்னலுக்கு இடமில்லை. அந்த ஷெட் முழுவதும் செத்துப்போனது.

“ஏந்தம்பி, இவுங்க தண்ணி தண்ணின்னு அமுக்குறதுக்கு என்ற கோழி சாகோணுமா?” என்று மயில்சாமி கேட்டார். சத்தம்கூடப் போடவில்லை.

வரிசையை ஏன் காலி செய்யவில்லை என்று ஜெயபிரகாஷிடம் கேட்டேன்.

“தண்ணி லாரி வந்தாத்தானுங்க பாத்தாச்சுன்னு தட்டலாம். நான் தட்டுனா குழாய்ல தண்ணி வந்துருமாக்கும்?” என்று சிரித்தார்.

அதனால் இரண்டு யூசர்களை உண்டாக்கினேன். ஒன்றின் பெயர் ‘கோழி’, மற்றதன் பெயர் ‘ஆட்கள்’. கோழிக்கு எட்ட முடியாத அளவுக்குப் பெரிய வரம்பு. ஆட்களுக்கு எட்டு. எட்டு பேர் காத்திருக்கும்போது ஒன்பதாவது ஆள் கூப்பிட்டுப் பயன் என்ன என்று நினைத்தேன்.

தொட்டியருகே இருந்த பட்டனை எதில் சேர்ப்பது என்றும் யோசித்தேன். அதற்குத் தனி யூசர் வைத்திருக்கலாம், சிறிய வேலைதான். ஆனால் நாமக்கல் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. அதை அழுத்தப் போவதும் ஆள்தானே என்று ‘ஆட்களில்’ சேர்த்துவிட்டுப் புறப்பட்டேன். அதன் பிறகு ஒரு கோழிகூட வெப்பத்தில் சாகவில்லை.

வைகாசியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். தீவன ஆலையில் வேலை பார்த்த செங்கோடன், தொட்டிக்குள் கட்டிதட்டிப் போயிருந்த சோளத்தை உடைத்துவிட உள்ளே இறங்கினார். அடியில் சோளத்தை இழுக்கும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சோளம் அவரை இடுப்புவரை இழுத்தது, பிறகு மார்புவரை. அவர் மனைவி தேவிப்ரியா தொட்டியின் வாயருகே இருந்தார். ஆலை ஓடும்போது கத்தினால் கீழே கேட்காது. அவர் பட்டனை அழுத்தினார்.

வரிசையில் எட்டு சிக்னல்கள் காத்திருந்தன. எல்லாமே தண்ணீர் கேட்டவை. கெர்னல் அவருடையதைத் திருப்பி அனுப்பியது. மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் அலுவலகச் சுவரில், ஜெயபிரகாஷ் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசைக்குப் பக்கத்தில் இருந்தது. தெரிந்திருந்தால் எச்சில் கையோடு எழுந்து நிறுத்தியிருப்பேன் என்று அவர் அழுகிறார். நிறுத்தியிருப்பார். நான் நம்புகிறேன்.

தேவிப்ரியா ஏன் இறங்கி ஓடவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். பக்கத்திலேயே முட்டை அறை. ஆட்கள் லாரியில் முட்டை அட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்கான காரணத்தை நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன்.

கெர்னல் எதையும் சத்தமில்லாமல் கைவிடுவதில்லை, ஐயா. இடமில்லை என்றால் இடமில்லை என்று அனுப்பியவருக்குப் பதில் சொல்லிவிடும். அந்தப் பதில் என் நிரலுக்குத்தான் வரும். தொடக்கத்தில் அது வந்தால் பட்டனில் சிவப்பு விளக்கு எரியும்படி வைத்திருந்தேன். சிவப்பைப் பார்த்தவர்கள் இன்னும் வேகமாக அழுத்தினார்கள். பிறகு அலுவலகத்துக்கே வந்து நின்றார்கள். குடியிருப்பிலிருந்து வந்த பெருமாயி என்னைப் பிடித்துக்கொண்டார்.

“தண்ணி கேட்டாச் செவப்பு எரியுது. நாங்க செத்தா என்ன கலரு எரியும், சாமி?”

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றே மாற்றினேன். சிக்னல் வரிசையில் சேர்ந்தாலும் சரி, திரும்பி வந்தாலும் சரி, பச்சை விளக்கு எரியும். பச்சை என்றால் செய்தி போய்விட்டது, ஆள் வருகிறார் என்று பொருள். அதன் பின் யாரும் அலுவலகத்துக்கு வரவில்லை. அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதியைக்கூடப் பார்த்தேன்.

தேவிப்ரியாவுக்கும் பச்சைதான் எரிந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடியும் பச்சை. இதை நான் பார்க்கவில்லை; ஆனால் நிரலை எழுதியவன் என்பதால் தெரியும். அது ஒருமுறைகூடத் தவறியிருக்காது.

மருத்துவமனைப் பிணவறை வராந்தாவில் அவரைச் சந்தித்தேன். நான் யாரென்று அவருக்குத் தெரியும். கம்ப்யூட்டர்காரத் தம்பி என்பார்.

“பச்சை எரிஞ்சுதுங்க, தம்பி. வாராங்க, வாராங்கன்னு அவருகிட்டச் சொல்லிச் சொல்லிக் கையப் புடிச்சுட்டு உக்காந்திருந்தேன். கை சோளத்துக்குள்ள போற வரைக்கும் புடிச்சிருந்தேனுங்க. நான் எறங்கி ஓடியிருக்கோணுமாங்க?”

நான் கொஞ்சம் யோசித்தேன். சுற்றி நின்ற உறவினர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஓடியிருந்தாக் காப்பாத்தியிருக்கலாமுங்க” என்றேன்.

அவர் தலையசைத்தார். பிறகு யாரிடமும் பேசுவதில்லை என்கிறார்கள். சாப்பிடுவதும் இல்லையாம். கேட்கக் கஷ்டமாக இருக்கிறது.

ஆனால் நான் அவரிடம் பொய் சொல்லவில்லை, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.