இளவரசர் வந்து போன குளம்

ஃபிலிப்பா: ...ஒரே ஒரு வரிதான் நைஜல். ‘இளவரசர் அப்படிச் சொல்லவில்லை, நான் தவறாகக் காதில் வாங்கிவிட்டேன்.’ எழுதிக் கையெழுத்துப் போடு. ரெண்டு பேரும் லண்டன் ரயிலைப் பிடிச்சுப் போயிட்டே இருக்கலாம்.

நைஜல்: என் காது நல்லாத்தான் இருக்கு.

ஃபிலிப்பா: உன் காதைப் பத்தி யாரு பேசினா? உன் அடையாள அட்டையைப் பத்திப் பேசுறேன். பத்திரிகைக்காரங்களை அரண்மனை வாசலைத் தாண்ட விடுற அட்டை. அடுத்த மாசம் புதுப்பிக்கணும்ல? என் மேஜை மேலதான் கிடக்கு.

நைஜல்: மிரட்டுறியா?

ஃபிலிப்பா: சேச்சே. ஞாபகப்படுத்துறேன்.

க்ளெனிஸ்: ஞாபகப்படுத்துறதுக்கு முன்னாடி ஆளுக்கொரு டீ குடிங்க. பிஸ்கட்டும் இருக்கு. குளோரின் வாடை அடிக்கும், கண்டுக்காதீங்க. இருபத்தேழு வருஷமா இந்த நீச்சல் குளத்துக்குக் கண்காணிப்பாளரா இருக்கேன், எனக்கு இப்பெல்லாம் வாடையே தெரியறதில்ல.

ஃபிலிப்பா: நன்றி மிசஸ் ஹார்டகர். நீங்களே சொல்லுங்க இவனுக்கு. போன செவ்வாய்க்கிழமை இளவரசர் ஆல்பன் இங்க... வந்தப்போ... அந்த மாதிரி எதுவும் சொல்லலைதானே?

க்ளெனிஸ்: எந்த மாதிரி?

ஃபிலிப்பா: ஆறு பத்திரிகையிலயும் வந்திருக்கே! ‘இந்தக் குளத்தின் கதவு என் காலத்தில் மூடப்படாது.’

க்ளெனிஸ்: ஓ, அதுவா! எவ்வளவு அழகான வார்த்தை! வெட்டி எடுத்து டிக்கெட் ஜன்னல்ல ஒட்டியிருக்கேனே, உள்ள வர்றப்ப பார்க்கலையா?

ஃபிலிப்பா: மிசஸ் ஹார்டகர்...

க்ளெனிஸ்: க்ளெனிஸ்னே கூப்பிடுங்கம்மா. நாமதான் அன்னிக்கே பழகிட்டோமே.

ஃபிலிப்பா: ...ஆமா. பழகிட்டோம்.

நைஜல்: பார்த்தியா? அவங்களே சொல்றாங்க. அன்னிக்கு என் முறை. ஒருத்தன் போவான், பார்த்ததை எழுதுவான், மத்தவன் எல்லாம் அதை வாங்கிப் போட்டுக்குவான். அரண்மனையில நீங்க வச்ச ஏற்பாடுதானே? கும்பலா வந்து தண்ணியில விழுந்துடுவோம்னு பயந்து நீங்களே வச்ச ஏற்பாடு!

ஃபிலிப்பா: போனவன் ஒழுங்கா எழுதுவான்னு நம்பி வச்ச ஏற்பாடு. இன்னிக்கு நாலு மணிக்கு எதிர்க் கட்டடத்துல நகரமன்றம் கூடுது. இந்தக் குளத்தை மூடுறதா வேண்டாமான்னு கை தூக்கப் போறாங்க. போன வாரம் வரைக்கும் மூடுறதுன்னு முடிவு. இப்ப உன் ஒரு வரியால அத்தனை பேரும் பேய் அறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்காங்க. இளவரசரை எதிர்த்து எவன் கை தூக்குவான்?

க்ளெனிஸ்: தூக்க வேண்டாமே. கை வலிக்கும்.

ஃபிலிப்பா: அமைச்சர் அரண்மனைக்கு போன் போட்டுக் கத்துறார். ராஜ குடும்பம் எப்பலேருந்து ஊர்க் குளத்துல மூக்கை நுழைக்க ஆரம்பிச்சதுன்னு. நாளைக்கு எல்லா ஊர்லயும் நூலகத்தைக் காப்பாத்து, பஸ்ஸைக் காப்பாத்துன்னு வாசல்ல வந்து நிப்பாங்க. என் வேலையே போயிடும் நைஜல்!

நைஜல்: அவர் சொன்னதுக்கு நான் என்ன பண்ண?

ஃபிலிப்பா: சொன்னாராமே! பதினஞ்சு வருஷமா அந்த மனுஷன் பின்னாடி குடை பிடிச்சு நடக்கிறேன். அவருக்குத் தெரிஞ்சது ரெண்டே வாக்கியம். ‘ரொம்ப தூரத்துலேருந்து வந்தீங்களா?’ அப்புறம் ‘அருமை, அருமை.’ போன மாசம் ஒரு சவ அடக்கத்துல ரெண்டையும் சொல்லிட்டு வந்தார். அவர் வாயிலேருந்து ‘என் காலத்தில் மூடப்படாது’வா? எவனாவது இப்படிப் பேசுவானா? பத்திரிகை மை நாத்தம் இங்க வரைக்கும் அடிக்குது.

க்ளெனிஸ்: எனக்கு அது நல்ல வரியாத்தான் பட்டுது.

ஃபிலிப்பா: எழுதத் தெரியாதவன் எழுதின வரி!

க்ளெனிஸ்: அப்படியா... சரிம்மா, நீங்க சொன்னா சரி. இன்னொரு பிஸ்கட்?

ஃபிலிப்பா: நைஜல், ஒண்ணு கேக்குறேன். அவர் இதைச் சொன்னப்போ எங்க நின்னார்?

நைஜல்: எங்கன்னா... குளத்தோரமா.

ஃபிலிப்பா: எந்த ஓரம்?

நைஜல்: ஆழமான பக்கம். அந்த... குதிக்கிற பலகைக்குப் பக்கத்துல.

ஃபிலிப்பா: இங்க வர்ற வழியிலதான் பார்த்துட்டு வந்தேன். பலகையே இல்லையேப்பா.

க்ளெனிஸ்: நேத்துதான் கழட்டினோம்.

ஃபிலிப்பா: ஆணி அடிச்ச தடம்கூட இல்ல.

க்ளெனிஸ்: சுத்தமா கழட்டினோம்.

நைஜல்: ஆமா, நீயும்தான் அவர்கூட வந்தே! பலகை இருந்ததா இல்லையான்னு உனக்குத் தெரியாதா?

ஃபிலிப்பா: நான்... பேச்சை மாத்தாதே! குறிப்பேட்டைக் காட்டு. செவ்வாய்க்கிழமைப் பக்கம்.

நைஜல்: சுருக்கெழுத்து. உனக்குப் புரியாது.

ஃபிலிப்பா: புரியும். ஆறு வருஷம் நானும் பத்திரிகையில குப்பை கொட்டியிருக்கேன். கொண்டா... ‘கறி பப்ஸ் ஒண்ணு, உருளைக்கிழங்கு, ரெண்டு கிளாஸ் பீர்.’ இதுதான் இளவரசர் பேச்சா?

நைஜல்: அது வேற பக்கம்...

ஃபிலிப்பா: இதுக்கு அப்புறம் ‘க்ளெனிஸ், போன், 1.20’. நைஜல்! நீ இங்க வரவே இல்லையா?

நைஜல்: லீட்ஸ் ஸ்டேஷன்ல ரயிலை ரத்து பண்ணிட்டாங்க ஃபிலிப்பா! சத்தியமா! எதிர்ல பப் இருந்தது. வெளிய மழை கொட்டுது. பசி வேற. அடுத்த ரயிலைப் பிடிச்சா எல்லாம் முடிஞ்சிருக்கும். அஞ்சு பத்திரிகைக்காரன் செய்தி எங்க, செய்தி எங்கன்னு உசிரை எடுக்கிறான். இவங்களுக்கு போன் பண்ணிக் கேட்டேன். சொன்னாங்க, எழுதினேன். பலகையை மட்டும்தான் இப்ப நானா சேர்த்தேன்.

ஃபிலிப்பா: வெட்கமா இல்ல?

நைஜல்: இருக்கு. ஆனா படம் எடுக்க ஒருத்தர்கூட வரக் கூடாதுன்னது யாரு? நீதானே? நீச்சலுடை போட்ட அம்மாக்கள் நடுவுல இளவரசர் நின்னா ஊர் சிரிக்கும்னே. ஒரு படம் இருந்திருந்தா அதைப் பார்த்தாவது பலகை இல்லாம சொல்லியிருப்பேன்.

ஃபிலிப்பா: சரி, முடிஞ்சுது. மிசஸ் ஹார்டகர், இப்ப உங்ககிட்ட வர்றேன். இவன்கிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?

க்ளெனிஸ்: கேட்டார், சொன்னேன். கேட்டா பதில் சொல்லணும்னுதான் எங்க ஊர்ல வளர்த்தாங்க. அது கிடக்கட்டும்... அந்தத் தொப்பி அவருக்குப் பிடிச்சிருந்ததாம்மா?

ஃபிலிப்பா: எந்தத் தொப்பி?

க்ளெனிஸ்: செவ்வாய்க்கிழமை நீச்சலுக்கு வர்ற அம்மாக்கள் பன்னெண்டு பேரும் சேர்ந்து அவருக்குன்னு ஒரு நீச்சல் தொப்பி தைச்சாங்களே. நீலத்துல. முன்னாடி கிரீடம் போட்டு. தினமும் வந்து கேக்குறாங்க, போட்டுக்கிட்டாரா, அளவு சரியா இருந்ததான்னு.

ஃபிலிப்பா: ஓ, அந்தத் தொப்பி! ரொம்பப் பிடிச்சிருந்தது. அன்னிக்கு கார்லயே போட்டுப் பார்த்துட்டார்னா பாருங்களேன். இப்பவும் எங்க போனாலும் பெட்டியில அதுதான் முதல்ல போகுது.

க்ளெனிஸ்: அப்படியா! தொப்பி தைச்ச ஐரிஸ் கேட்டா குளத்துலயே டான்ஸ் ஆடுவா... இருங்க, இந்த இழுப்பறை கொஞ்சம் மக்கர் பண்ணும்... ஆங். இதோ.

நைஜல்: என்னது இது?

க்ளெனிஸ்: தொப்பி. கட்டின ரிப்பன்கூடப் பிரிக்கல.

நைஜல்: ஃபிலிப்பா.

ஃபிலிப்பா: பேசாம இரு.

நைஜல்: ஃபிலிப்பா... அவர் வரவே இல்லையா?

ஃபிலிப்பா: பேசாம இருன்னேன்!

நைஜல்: அரண்மனை தினமும் வெளியிடுற நாட்குறிப்புல அச்சடிச்சிருக்கீங்களேடி! ‘இளவரசர் ஆல்பன் இன்று கிளெக்ஹர்ஸ்ட் நீச்சல் குளத்தைப் பார்வையிட்டார்’னு! எங்க போனார் அந்த மனுஷன்?

ஃபிலிப்பா: ...நாய்ப் பந்தயத்துக்கு.

நைஜல்: என்னது!

ஃபிலிப்பா: வர்ற வழியில, மேட்டுல, பந்தயம்னு எழுதின ஒரு அறிவிப்புப் பலகையைப் பார்த்துட்டார். ‘அஞ்சு நிமிஷம்’னு இறங்கினவர்தான். ரெண்டு மணி நேரம் சேத்துல நின்னு, ‘ஓடு, ஓடு’ன்னு கத்திக்கிட்டிருந்தார். கார்ல ஏறுங்கன்னு கெஞ்சினேன். அம்பத்தெட்டு வயசு ஆளைக் குண்டுக்கட்டாத் தூக்கிட்டா வர முடியும்? நாட்குறிப்பு முந்தின நாளே தயாராயிடும். அது அது பாட்டுக்கு அச்சாயிடுச்சு.

நைஜல்: ஐயோ, ஐயோ... முதல் பக்கம்! ‘குளம் காத்திருக்க, நாயோடு நின்றார்!’ பத்து வருஷத்துல இப்படி ஒண்ணு கிடைக்கல!

க்ளெனிஸ்: எழுதுங்க கண்ணு, நல்லா எழுதுங்க. முதல் வரியில நீங்க அப்ப எங்க இருந்தீங்கன்னும் எழுதிடுங்க. கறி பப்ஸ் எப்படி இருந்ததுன்னு சேர்த்து.

நைஜல்: ...அது வேணாம்.

க்ளெனிஸ்: நானும் அதான் நினைச்சேன்.

நைஜல்: ஏங்க, அன்னிக்கே என்கிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாமே?

க்ளெனிஸ்: சொல்லியிருந்தா என்ன எழுதியிருப்பீங்க? நாயைப் பத்தி மூணு பக்கம். எங்க குளத்தைப் பத்தி அரை வரி. அதுலயும் ஊர் பேரைத் தப்பா போட்டிருப்பீங்க.

ஃபிலிப்பா: மிசஸ் ஹார்டகர், நடந்ததுக்கு நான்...

க்ளெனிஸ்: ஒரு போன் பண்ணியிருக்கலாம்லம்மா?

ஃபிலிப்பா: மேட்டுல சிக்னல்...

க்ளெனிஸ்: சாயங்காலம் சிக்னல் வந்திருக்குமே! மறுநாள் வந்திருக்குமே! காசில்லாம வாரத்துல பாதி நாள் பாய்லரை அணைச்சுப் போட்டிருக்கோம். அன்னிக்கு அவருக்குக் குளிரக் கூடாதுன்னு விடியக்காலையிலயே வந்து முழுசா ஏத்திவிட்டேன். பத்தரைக்கே பன்னெண்டு பேரும் தண்ணியில இறங்கி வரிசையா நின்னாங்க. பதினோரு மணி ஆச்சு. பன்னெண்டு ஆச்சு. ஏறி வாங்கடின்னா ஒருத்தியும் ஏறல. ஏறின நேரம் பார்த்து அவர் உள்ள வந்துட்டா மரியாதையா இருக்காதாம். ஒரு மணிக்கு ஐரிஸ் உதடு நீலமாயிடுச்சு. அப்புறம்தான் கையைப் பிடிச்சு இழுத்து ஏத்தினேன். எனக்கு அழுகையா வந்துச்சு. ஆத்திரமாவும் வந்துச்சு. அந்த நேரம் பார்த்து இவர் போன். ‘எல்லாம் எப்படிப் போச்சுங்க? ஏதாவது சொன்னாரா?’ நல்லாப் போச்சுன்னேன். சொன்னார்னேன்.

நைஜல்: அடேங்கப்பா.

ஃபிலிப்பா: புரியுது. மனசார மன்னிப்புக் கேக்குறேன். தொப்பியைக் குடுங்க, நானே அவர் தலையில மாட்டி விடுறேன். ஆனா... இதுக்கு மேல என்னால முடியாது. நாலு மணிக்கு முன்னாடி அறிக்கை போயாகணும். இளவரசர் வந்தார், பார்த்தார், ‘அருமை’ன்னார், போனார். குளத்தை மூடுறதைப் பத்தி ஒரு வார்த்தைகூடப் பேசல.

க்ளெனிஸ்: பன்னெண்டு பேரும் கேட்டோம்னு சொல்லுவாங்க.

ஃபிலிப்பா: சொல்லட்டும். நைஜல் தப்பாக் கேட்டேன்னு எழுதிக் குடுப்பான். குடுப்பேல்ல?

நைஜல்: ...அட்டை?

ஃபிலிப்பா: அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிச்சுத் தர்றேன்.

நைஜல்: மன்னிச்சுக்கங்க க்ளெனிஸ். எனக்கு ரெண்டு பொண்ணுங்க, காலேஜ் படிக்குதுங்க.

க்ளெனிஸ்: தெரியும் கண்ணு. நீங்க இப்படித்தான் பண்ணுவீங்கன்னு டீ ஊத்துறப்பவே தெரியும்.

ஃபிலிப்பா: நகரமன்றத்துல போய் அவர் வரவே இல்லைன்னு நீங்க சொன்னா, நாட்குறிப்பு இருக்கு. அவர் அப்படிச் சொன்னார்னு நீங்க சொன்னா, எங்க அறிக்கை இருக்கு. உங்க பேச்சா, அரண்மனைப் பேச்சான்னு வந்தா யாரை நம்புவாங்க? தயவுசெஞ்சு இதை இத்தோட விட்டுடுங்க. இளவரசர் வாயில யாரும் வார்த்தையைப் போடக் கூடாது, அவ்வளவுதான். இருந்தாலும் கேக்குறேன்... அந்த வரியை நீங்களே யோசிச்சீங்களா?

க்ளெனிஸ்: நான் எங்கம்மா யோசிச்சேன்? நான் தண்ணியில குளோரின் அளவு பார்க்கிறவ. அன்னிக்கு போன்ல இவருக்கு நான் படிச்சுக் காட்டினது உங்க நன்றிக் கடிதத்தை. வாரத்துக்கு நாப்பது கடிதம் மொத்தமாத் தயார் பண்ணி வச்சு, திரும்பப் படிச்சுக்கூடப் பார்க்காம கையெழுத்துப் போடுவீங்க போல, யாரோ அவசரக்காரங்க இதை முன்கூட்டியே தபால்ல சேர்த்துட்டாங்க. செவ்வாய்க்கிழமை காலையில வந்துச்சு, பாய்லரை ஏத்திட்டு உட்கார்ந்த நேரம். படிக்கிறேன், கேளுங்க. ‘அன்புள்ள மிசஸ் ஹார்டகர், உங்கள் குளத்தைப் பார்வையிட்ட இளவரசர், நீங்கள் அளித்த வரவேற்பில் நெகிழ்ந்துபோனார். இந்தக் குளத்தின் கதவு என் காலத்தில் மூடப்படாது என்று அவர் கூறியதை உங்களுக்குத் தெரிவிக்கச் சொன்னார்.’ கீழ ஃபிலிப்பா வெய்ன், உங்க கையெழுத்து. கடிதத்துல தேதி செவ்வாய்க்கிழமை. உறை மேல தபால் முத்திரை சனிக்கிழமை. வர்றதுக்கு மூணு நாள் முன்னாடியே நெகிழ்ந்துட்டார், பாவம்... மணி மூணே முக்கால் ஆச்சும்மா, நான் நகரமன்றத்துக்குக் கிளம்பணும். நீங்க அறிக்கை விடுறதா இருந்தா கடிதத்தை உறையோட எடுத்துட்டுப் போறேன். விடலைன்னா கடிதம் மட்டும் போதும். எப்படி எடுத்துக்கட்டும்?