இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி

வார்னிஷ் அடித்த பலகையைக் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்கக் கூடாது சார். தொட்ட இடத்தில் விரல் ரேகை விழும். அப்புறம் அதைத் தேய்த்து எடுத்துவிட்டு முதலிலிருந்து அடிக்க வேண்டும். பொறுமை இல்லாதவன் பழைய படகு வாங்கக் கூடாது என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். எனக்குப் பொறுமை உண்டு. ஒரே ஒரு முறைதான் தவறியது. அதை அது வரும் இடத்தில் சொல்கிறேன்.

நான் லிஃப்ட் பராமரிப்பு கம்பெனியில் இருந்தவன். நான் பழுது பார்த்த லிஃப்டில் ஏறி இறங்கிய ஒருவருக்கும் என் முகம் தெரியாது. நின்றுபோனால்தான் தேடுவார்கள், அதுவும் திட்டுவதற்கு. ஓய்வு பெற்றபோது, இனி நான் சரி செய்யும் பொருளை யாரும் உபயோகித்துக் கெடுக்கக் கூடாது என்று ஒரு சின்ன ஆசை இருந்தது. அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

படகை விற்றவர் ஒரு பல் டாக்டர். படகுப் பட்டறையின் கோடியில், மரக்கட்டைகள் முட்டுக் கொடுக்க, அந்த மோட்டார் படகு நின்றுகொண்டிருந்தது. முழுக்க மரம். இரண்டு படுக்கை அறை, குட்டிச் சமையலறை, முன்னால் சரிவான கண்ணாடி. ஒரு காலத்தில் பெரிய மனிதர்கள் கால் நீட்டி உட்கார்ந்து தீவு தீவாகப் போன உல்லாசப் படகு. டாக்டர் அதன் வயிற்றைத் தட்டிக் காட்டி, "வேர் நல்லா இருக்கு, மேல்தான் கொஞ்சம் சொத்தை" என்றார். பணத்தை வாங்கிக்கொண்டு போனவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பல்லைப் பிடுங்கிக்கொண்டவன் மாதிரி கன்னத்தைத் தடவிக்கொண்டே போனார்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்தவர்கள் படகு வாங்கிப் பார்த்ததில்லை.

பத்திரம் என் மனைவி பெயரில். அவளுக்குப் பிறந்தநாள் பரிசு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள் சார், பின்னால் தேவைப்படும். அவள் அன்றைக்கே கடைத்தெருவுக்குப் போய் அகலமான ஓலைத் தொப்பி ஒன்று வாங்கிவந்து, சமையலறை ஆணியில் மாட்டினாள். தொப்பி தயார், படகுதான் பாக்கி என்றாள்.

அந்தத் தொப்பி ஏழு வருஷம் ஆணியிலேயே இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிட்டது.

நான் சும்மா இருக்கவில்லை. இன்ஜினைக் கழற்றிக் கடைசித் திருகுவரை துடைத்துப் பூட்டினேன். பூட்டியபின் ஒரு சத்தம் பிடிக்கவில்லை. மறுபடி கழற்றினேன். அழுகின பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை போட்டால், பக்கத்துப் பலகை கிழடாகத் தெரியும். அதையும் மாற்ற வேண்டும். கிணறு வெட்டப் பூதம் புறப்படும் என்பார்கள். நான் அந்தப் பூதத்தோடு சந்தோஷமாகக் குடித்தனம் நடத்தினேன். எதை எடுத்தாலும் குற்றம் கண்டுபிடிக்கிறேன் என்று பட்டறையில் எனக்கு 'மாமியார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கிரேன் ஓட்டுகிறவர் முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார். எனக்கு அதில் வருத்தமில்லை. லிஃப்ட் கம்பெனியில் அதுகூட வைக்கவில்லை.

மனைவி மத்தியானச் சாப்பாட்டைப் பட்டறைக்கே கொண்டுவருவாள். படகின் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவோம். முதல் இரண்டு வருஷம் எப்போது கிளம்புகிறோம் என்று கேட்டாள். அப்புறம் எந்தத் தீவு முதலில் என்று கேட்டாள். அப்புறம் கண் டாக்டரிடம் போய்வந்து, ஓரத்திலிருந்து பார்வை மங்கிக்கொண்டு வருகிறது, நிறுத்த மருந்தில்லை, பார்க்க வேண்டியதை இப்போதே பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நான் இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். கைப்பிடிக் கம்பிகள் பாலிஷ் போடாமல் கிடந்தன.

அவள் என்னிடம் கேட்காததைத் தம்பியிடம் சொல்லிவிட்டாள்.

என் மச்சினன் டிரைவிங் ஸ்கூல் நடத்தினான். ஸ்டியரிங்கே பிடித்தறியாதவனை ஒரு மாதத்தில் நடுரோட்டில் விடுகிற தொழில். எல்லாவற்றிலும் அந்த வேகம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படகைச் சுற்றி வந்தான்.

"மாமா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே. இது படகா, இல்ல அக்காவுக்குத் தெரியாம நீங்க வச்சிருக்கிற இன்னொரு வீடா?"

கிரேன்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். மச்சினன் கேலி செய்தால் சிரிப்பதுதான் முறை.

அந்த மழைக்காலத்தில் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. படுத்த படுக்கை. எழுந்து பட்டறைக்குப் போனால், படகு முடிந்திருந்தது. மச்சினன் இரண்டு மெக்கானிக்குகளைக் கூட்டிவந்து, நான் அடுத்த பத்து வருஷத்துக்கு வைத்திருந்த வேலையை மூன்று வாரத்தில் முடித்துவிட்டான். ஒரு பொத்தானை அழுத்தினான். இன்ஜின் கிளம்பியது. நல்ல சத்தம் சார். குறை சொல்ல முடியாத சத்தம். என் மனைவி அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரும் சொன்னார்கள். என் கண்ணும் கலங்கியதைப் பார்த்து, மாமாவுக்கும் தாங்கல என்றான் மச்சினன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடலில் இறக்குவது என்று அவனே நாள் குறித்தான். உள்ளே கசியும் தண்ணீரை இறைக்கிற பம்புக்கு நானும் ஒயர் கொடுக்கவில்லை, மெக்கானிக்குகளும் கொடுக்கவில்லை என்று சொன்னேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சாட்சிகள் இருக்கிறார்கள்.

"தண்ணில போட்டப்புறம் பாத்துக்கலாம் மாமா. உங்களை விட்டா என் பேரன் கல்யாணத்துக்குத்தான் இறக்குவீங்க."

இங்கே உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தரையில் நிற்கும் படகுக்கு அடியில் ஒரு ஓட்டை திறந்திருக்கும். உள்ளே விழும் மழைத்தண்ணீர் வடிவதற்காக. கட்டை விரல் தாராளமாக நுழையும். கடலில் இறக்குமுன் அதற்கு ஒரு பித்தளைத் திருகு போட்டு அடைப்பார்கள். அந்தத் திருகு ஏழு வருஷமும் என் வீட்டுச் சாவிக்கொத்தோடுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் அந்த ஓட்டையைச் சோப்பு வைத்து அடைத்தேன்.

துணி துவைக்கிற கட்டி சோப்பு. எங்கள் வீட்டில் துவைப்பது நான்தான், அதனால் அது எவ்வளவு நேரத்தில் கரையும் என்று ஒரு கணக்கு உண்டு. இருந்தாலும் வாளித் தண்ணீரில் வைத்தும் பார்த்துக்கொண்டேன். எந்த வேலையையும் சோதிக்காமல் செய்கிறவன் இல்லை நான். என் திட்டம் நியாயமானது சார், கேளுங்கள். கிரேன் படகை இறக்கும். சங்கிலியில் தொங்கவிட்டபடியே உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருக்காது. துறையில் கட்டிப்போட்டுவிட்டு எல்லோரும் விருந்துக்குப் போவோம். திரும்பி வரும்போது படகு இடுப்பளவு தண்ணீரில், சேற்றில் உட்கார்ந்திருக்கும். ஒரு கோழிக்குஞ்சுக்குக்கூடச் சேதமில்லை. இன்ஜினுக்குள் உப்புத் தண்ணீர் போயிருக்கும், ஒயரெல்லாம் வீணாகியிருக்கும், பலகை உப்பியிருக்கும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். வேறு என்ன கேட்டேன் நான்?

இறக்கும்போது கிரேன்காரர், "அடைச்சாச்சா மாமியாரே?" என்று கேட்டார். அடைச்சாச்சு என்றேன். பொய் இல்லை. அவரே உள்ளே இறங்கிப் பார்த்துவிட்டு, எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கிறது என்று பாராட்டினார்.

திட்டத்தைக் கெடுத்தது மச்சினன். கட்டுவதற்குப் பதில் கயிற்றை அவிழ்த்தான். ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வருகிறேன் மாமா என்று கிளம்பிவிட்டான். நான் கரையில் நின்றேன். முதலில் எனக்குத் தோன்றியது, இவனுக்கு நீச்சல் தெரியும் என்பது. அப்படித்தான் நினைத்தேன். டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

படகு திரும்பியபோது, பக்கவாட்டு ஜன்னலில் ஓலைத் தொப்பி தெரிந்தது.

விருந்துக்கு ஏற்பாடு செய்யப் போவதாக மனைவி சொல்லியிருந்தாள். எனக்கு ஆச்சரியம் கொடுக்க வேண்டும் என்று அக்காவும் தம்பியும் பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் கையை உயர்த்தினேன். நிறுத்து என்று கத்தத்தான் உயர்த்தினேன், இதில் சந்தேகம் வேண்டாம். கூப்பிடு தூரம்தான். வாயைத் திறந்துவிட்டேன்.

அப்போது ஒரு நினைப்பு வந்தது. கூப்பிட்டால் வருவார்கள். வந்தால் திருகைக் கேட்பார்கள். ஒரு நிமிஷ வேலை. திருகிவிட்டால் படகுக்கு வேறு ஒரு குறையும் இல்லை. அப்புறம் அது போய்க்கொண்டே இருக்கும், தீவு தீவாக, எல்லோரும் ஏறி இறங்கி, ஈரச் செருப்போடு என் வார்னிஷ் மேல் நடந்து.

உயர்த்திய கையை மெதுவாக அசைத்தேன். அவள் தொப்பியைக் கழற்றி எனக்கு அசைத்தாள்.

அலை தடுக்கப் போட்டிருக்கும் கற்களைத் தாண்டியதும், சோப்பு கரைவதற்கு முன்பே இன்ஜின் அதிர்வில் கழன்று விழுந்திருக்க வேண்டும். அது என் கணக்கில் இல்லை. தண்ணீர் காலை நனைக்கும்வரை இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்டிருக்காது. பேட்டரி மூழ்கியதும் எல்லாம் நின்றுவிட்டது. பம்பைப் பற்றி நான் முன்பே சொல்லியிருக்கிறேன். லைஃப் ஜாக்கெட்டுகள் பின் இருக்கைக்கு அடியில், பெட்டிக்குள் இருந்தன. அந்த மூடிக்கு நான் முந்தின நாள் சாயங்காலம் கடைசிக் கோட்டிங் அடித்தேன். காய ஒரு நாள் விட்டிருக்க வேண்டும். ஞாயிறு என்று நாள் குறித்துவிட்டார்களே என்ற அவசரத்தில், ஈரத்தோடு மூடிவிட்டேன். மூடி பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. மச்சினன் நகம் பிய்யப் பிய்ய இழுத்திருக்கிறான்.

ஆரம்பத்தில் சொன்ன தவறு இதுதான். இதற்கு நான் என்றைக்கும் வருத்தப்படுவேன். நல்ல வேலைக்காரன் ஈர வார்னிஷை மூடமாட்டான்.

அவன் மிதக்கிற ஐஸ் பெட்டியை அக்காவின் கையில் கட்டிவிட்டு, அந்த மூடியைத் திறக்கத் திரும்பிப் போயிருக்கிறான். மீன்பிடிப் படகுக்காரர்கள் அவளைத் தூக்கினார்கள். அவனை மறுநாள் தூக்கினார்கள்.

யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. பழைய படகு, கல்லில் மோதியிருக்கும் என்றார்கள். அடிப்பலகை இரண்டு பிய்ந்து கிடக்கும்போது ஓட்டையை யார் தேடுவார்கள்? வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் என் தோளைத் தட்டினார்கள். படகைத் தூக்கிப் பட்டறையில் பழைய இடத்தில் நிறுத்தினார்கள். நான் போய்ப் பார்த்தேன். இன்ஜின் முழுக்க உப்பு. பலகைகள் வாய் பிளந்திருந்தன. வார்னிஷ் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து தொங்கியது. எங்கே கை வைத்தாலும் வேலை. உண்மையைச் சொன்னால், அன்றைக்குத்தான் கொஞ்சம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நேற்று மனைவி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவள் இப்போது முகத்தை நேராகத் திருப்பினால்தான் ஆள் தெரிகிறது.

"அன்னைக்கு என்னைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். கை காட்டினேனே."

"கை காட்டினது தெரியும். வாயைத் தொறந்தீங்க, அதுவும் தெரிஞ்சுது. அப்புறம் மூடிட்டீங்க. எனக்குத்தான் கண்ணு மங்கல். உங்களுக்கு நல்லாத் தெரியுமே."

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. படகு தன் பெயரில் இருப்பதால் பட்டறையில் பேசிவிட்டதாகச் சொன்னாள். நாளைக் காலையில் அறுத்து, விறகுக்குப் போடச் சொல்லியிருக்கிறாளாம். இன்ஜின் இரும்புக் கடைக்கு.

அதனால்தான் சார் வந்தேன். மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று எழுதிக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, படிக்க நன்றாக இருக்கும். விபத்து என்றால் அது விறகு. கொலை என்றால் தடயம். தடயத்தை வழக்கு முடியும்வரை யாரும் தொடக் கூடாது என்று வாசலில் நிற்கும் உங்கள் காவலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் உள்ளே வந்தேன். வழக்கு எத்தனை வருஷம் வேண்டுமானாலும் நடக்கட்டும். எனக்குப் பொறுமை உண்டு என்று முதலிலேயே சொன்னேன். நடுவில் என்னை அழைத்துப் போய்ச் சம்பவத்தை விளக்கச் சொல்வீர்களாமே? அந்த நாளில் ஓர் உப்புத்தாள் கொண்டுவர அனுமதி உண்டா?

திருகை மேஜைமேல் வைத்துவிட்டேன், எடுத்துக்கொள்ளுங்கள். ஆமாம், வேண்டுமென்றேதான் போடவில்லை. தெரிந்தேதான் கை காட்டினேன். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன். ஆனால் உங்கள் ஆட்கள் யாரும் ஆர்வக்கோளாறில் அதைப் படகில் திருகிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். மழை வரும் போலிருக்கிறது. தண்ணீர் வடிய வழியில்லாமல் உள்ளே தங்கினால் மரத்துக்கு ஆபத்து.