கல்யாணப் பத்திரிகையில கரிப்பொடியா?

கரிப்பொடிய கரிப்பொடின்னு சொல்லாம சந்தனம்னா சொல்லுவாங்க? நீங்களே சொல்லுங்கண்ணே! உக்காருங்க, உக்காருங்க, இந்தக் கடையில அவசரப்பட்டா ஒண்ணும் நடக்காது. கடை மொதலாளி தவுக்கே சாப்பிடப் போயிட்டாரு. இந்த சீதா பொண்ணு ஒருத்திதான் ரெண்டு மெஷினையும் மேய்க்கணும். அதோ பெரிய பொட்டியா நிக்குதே, அது லேசராம். உள்ளாற மையே கிடையாது, பொடி! டோனர்னு பேரு. சூடு காட்டி காயிதத்துல ஒட்ட வச்சிருமாம். பக்கத்துல சின்னதா கிர்ரு கிர்ருங்குதே, அது இங்க்ஜெட். அதுல நல்ல மை, சொட்டு சொட்டா தெளிக்குது. எழுத்துன்னா மையில இருக்கணுமா, அடுப்புக் கரியில இருக்கணுமா?

நீங்க கியா பார்ம் ஊரா? ஸ்ட்ராபெரி கடைக்கு நோட்டீஸா? சரி சரி... அத அப்புறம் பேசுவோம்லா.

எம் பேரு வீரப்பன். வெளிய தேயிலை லோரி நிக்குது பாத்தீங்களா, அது நான் ஓட்டுறதுதான். என் தங்கச்சி மாரியம்மா மவ ஜெயாவுக்குத்தான் கல்யாணம். அப்பன் இல்லாத புள்ளண்ணே. பள்ளிக்கூடத்துல சேத்தது நான், காது குத்துனப்ப மடியில வச்சிருந்தது நான். இப்ப எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணிக்குப் பக்கத்துல உக்காந்து டைப் அடிக்குது. மாப்பிள்ளை அர்ஜுனன், கோலா தெர்லா ஊருல கோபிஸ் தோட்டம், முட்டைக்கோசு போடுறான். ரெண்டும் பழகி, ரெண்டு வீட்டுலயும் அழுது, அடம் புடிச்சு முடிவான கல்யாணம். சரி, பத்திரிகைய நான் பாத்துக்கறேன்னு சொன்னேன். தாய்மாமன் சொல்லாம வேற யாரு சொல்லுவா?

வந்தா, இந்த சீதா கேக்குது, "மாமா, லேசரா இங்க்ஜெட்டா?"ன்னு. ஏம்மா, கல்யாணப் பத்திரிகைக்குக் கரிப்பொடி கொட்டுவியா? கருமாதிக்கே ஓரத்துல மட்டும்தான் கறுப்பு போடுவான்! மையில போடுன்னேன். போட்டுச்சு. நல்லா பளபளன்னு வந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. எம் பேரு மட்டும் தடிச்ச எழுத்துல பெருசா வேணும்னு நின்னு வாங்குனேன். மாப்பிள்ளை பேர விடவான்னு இது சிரிக்குது. ஏன், இருந்தா என்ன?

அப்புறம் மஞ்ச தடவணும்ல. பொம்பளைங்க என்ன பண்ணுவாங்க... விரல் நுனியால மூலைக்கு மூலை ஒரு பொட்டு. கோழி கொத்துன மாதிரி! ஏய், தள்ளுங்கன்னேன். தாய்மாமன் கையி தாராளமா இருக்கணும். ஒரு கிண்ணம் மஞ்சள்ல தண்ணி ஊத்தி நல்லா கரைச்சு, நானே உக்காந்து தடவி, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, பிஸ்கட் டின்னுல போட்டு மூடி... நேரா கோலா தெர்லா. மாப்பிள்ளைக்கு அப்பா சிங்காரம், அம்மா செல்லம்மா, சொந்தக்காரங்க எல்லாம் கூடி நிக்கறாங்க. தட்டுல பழம் வெத்தலையோட தூக்கிக் குடுத்தேன்.

அலாமாக்! மணமகன்னு போட்டிருக்கு. கீழ பேரக் காணோம்ணே! மஞ்சளும் மையும் ஒண்ணாக் கலந்து பச்சையா வழிஞ்சு கிடக்கு. அடுத்தத எடுத்தா அதுவும் அப்படியே. அந்தம்மா செல்லம்மா அப்படியே தரையில உக்காந்துருச்சு. "எம் மவன் பேர அழிச்சுக் கொண்டாந்துட்டியே, நல்லா இருப்பியா?"ன்னு ஒரே அழுவ. கல்யாணமே வேணாம்னு சொல்லிட்டாங்கண்ணே. நான் என்ன பண்ணுவேன்? மையி மோசம், மெஷினு மோசம், இந்த ஊரு ஈரம் மோசம்! ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம், அந்தக் கதையா இந்தப் பொண்ணு என்னையவே குத்தம் சொல்லுது. அன்னைக்கே சொன்னேனே மாமா, இது தண்ணி பட்டா ஓடிரும், மஞ்ச தடவுறதுன்னா லேசர்தான் நிக்கும்னு சொன்னேனேங்குது.

சொல்லுச்சு... சொல்லாம இல்ல. ரெண்டு தடவ சொல்லுச்சு. ஜெயாகூட பக்கத்துல நின்னு, மாமா அது சொல்றதக் கொஞ்சம் கேளுங்கன்னுச்சு. கேட்டேன்ல? கேட்டுட்டு, சின்னப் பொண்ணுங்களுக்கு என்னடி தெரியும், நான் எத்தன கல்யாணம் பாத்தவன்னு சொன்னேன். தண்ணி படாம வைக்க இதென்ன உப்பான்னு கேட்டேன். கடையே சிரிச்சுச்சு. இப்ப ஜெயா புள்ள என் மொகத்தப் பாக்க மாட்டேங்குதுண்ணே. சோத்தப் போட்டு வச்சிட்டு உள்ள போயிருது. அதான் தாங்க முடியல.

நேத்து கிராணியும் கோயில் தலைவரும் போய் பேசி, புதுப் பத்திரிகை வந்தா பாக்கறோம்னு சிங்காரம் எறங்கி வந்திருக்காரு. அதான் காலையிலயே வந்து குந்திட்டேன். என்ன சீதா? எந்த மெஷினா? ம்... அதுலயே போடும்மா. அந்தக் கரி... லேசர்லயே போடு.

அண்ணே, உங்க நோட்டீசயும் அதுலயே போட்ருங்க, பனியில வெளிய ஒட்டணும்ல... அட, எங்க போனாரு? நாற்காலி காலியா இருக்கு! ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகக் கூடாதா மனுசன்?

வந்துருச்சா? குடு, குடு. சூடா இருக்கேம்மா! இரு, எச்சி தொட்டுத் தேய்ச்சுப் பாக்கறேன்... அசையலியே. மணமகன் அர்ஜுனன், நல்லா நிக்குது. மணமகள் ஜெயா. சிங்காரம், செல்லம்மா, மாரியம்மா... சீதா, கீழ ஒரு வரி விட்டுருச்சும்மா. தாய்மாமன் வரி. மெஷினு விட்டுருச்சு போல.

மெஷினு விடலியா?

யாரு போன் பண்ணா? ஜெயாவா? எப்ப?... செல்லம்மா அப்படிக் கேட்டாங்களா? எம் மவன் பேர அழிச்சவன் பேரு பத்திரிகையில வேணாம்னு... சரி, அவங்க பெத்தவங்க, கேப்பாங்க. அதுக்கு நம்ம ஜெயா என்ன சொல்லுச்சு?

சரின்னுச்சா.

அழுதுச்சா சொல்றப்ப? கொஞ்சமாச்சும்?... தெரியலியா. போன்ல எப்படித் தெரியும். சரி விடு.

போடும்மா. எல்லாத்தையும் இப்படியே போடு. மஞ்சள அங்க வீட்டுலயே தடவிக்கட்டும், நான் தொடல. இருட்டுறதுக்குள்ள லோரிய எடுத்துக்கிட்டு நாந்தானே கோலா தெர்லாவுக்குக் கொண்டு போகணும்.