மூன்றாவது பெடல்

"ஹலோ... ஹலோ, ஸ்பேனரண்ணே? ...நான்தான், நர்சரிக்காரன். ...ஆமா, ஆமா, பச்சைக் கலர் பழைய ஜீப்பு. அண்ணே, என் வண்டிக்கு அடியில என்ன நடக்குது? ...என்ன ஒண்ணுமில்ல? நேத்து வெல்டர் உங்க பட்டறைக்கு வந்தாருல்ல? ...வந்தாருல்ல? இப்ப இங்க கேட்டுக்குக் கீல் வைக்க வந்திருக்காரு. 'என்ன சார், வண்டியோட குடலை உருவிப் போட்டுட்டாங்க போலிருக்கே'ன்னாரு. உடனே உங்களுக்குப் போன் அடிச்சேன்."

நாற்றுக் கூடத்துக்குப் பின்னால் இருந்த தகர அறையில்தான் நர்சரிக்காரர் நின்றுகொண்டிருந்தார். அங்கே நாற்காலி ஒன்று இருந்தது. ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் அவரால் உட்கார முடியாது. விதைப் பொட்டலம் விற்பவன் கூடுதலாக இரண்டு பொட்டலம் கொடுத்தாலும், இவன் எதற்குக் கொடுக்கிறான் என்று இரண்டு நாள் யோசிக்கிறவர். தான் கள்ளன், பிறரை நம்பான் என்பார்கள். அவர் எதை ஒளித்து வைத்திருந்தார் என்பது போகப் போகத் தெரியும்.

"கியர்பாக்ஸ்ல ஆயில் ஒழுகுது, ரப்பர் சீல் மாத்துங்கன்னுதானே விட்டுட்டு வந்தேன்? ...ஆமா. ...அதுக்கு கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகணும், சரி, ஒத்துக்கறேன். இறக்கினது எங்க? ...மூலையிலயா? சாக்கு போட்டு மூடியா? எதுக்கு மூடணும், அது என்ன பொணமா? ...யோவ், நிறுத்துய்யா. அந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இன்னிக்கு எங்க தேடினாலும் கிடைக்காது. அதை எவனுக்கோ தள்ளிவிட்டுட்டு, என் தலையில எந்த இரும்புக் கடைச் சாமானைக் கட்டப் பாக்கறே? ...அங்கேயேதான் இருக்கா? அப்ப நம்பரை வாசி. ...மெதுவா. ...ம். ...ம். ...இருங்க."

வண்டியைப் பட்டறையில் விடுவதற்கு முன்னால் வயிற்றை எக்கிக்கொண்டு அடியில் படுத்து, கியர்பாக்ஸ் நம்பரை ஒரு காகிதத்தில் குறித்து வைத்திருந்தார். எல்லா மெக்கானிக்கும் நல்லவன்தான், ஆனாலும் எழுதி வைப்பது நல்லது என்பது அவர் கட்சி. மேசை டிராயரில் இருந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தார். ஒரு எண்கூட மாறவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"சரி, சரி. நம்பர் சரியாத்தான் இருக்கு. ...நான் எங்கண்ணே திருடன்னு சொன்னேன்? கேட்டேன். கேக்கறது ஒரு தப்பா? ...விடுங்க. அப்ப தரையில ஓட்டை எதுக்கு? ...வெல்டர் சொன்னாரு, சீட்டுக்குப் பக்கத்துல உள்ளங்கை அகலத்துக்குத் தகட்டை வெட்டியிருக்குன்னு. ...லிவருக்கா? ஃபோர் வீல் லிவர்தான் ஏற்கெனவே இருக்கே? ...கியர் லிவரா? ...அஞ்சு கியரா? ...அப்ப கிளட்ச்சு? ...போட்டாச்சா? மூணாவது பெடலா? ...ஏத்தி முடிச்சு ஓட்டியும் பாத்துட்டீங்களா?"

உட்காரவே முடியாதவர் உர மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"கழட்டுங்க. ...பிடிக்கலை. ...எனக்கு ஓட்டத் தெரியாமலா? யாரைப் பாத்துக் கேக்கறீங்க? ஆறு சக்கர லாரியை மலையேத்தி இறக்கினவன் நான். இருபத்தினாலு கொண்டை ஊசி வளைவு, பனியில, ஒத்தைக் கையில... ...ஆமா, தெரியும், உங்ககிட்ட ஏற்கெனவே சொல்லியிருக்கேன். ...அப்படின்னா சந்தோஷப்படணுமா? ...சந்தோஷந்தான்ணே. யாரு இல்லேன்னா? ஆனா கால் வலிக்கும். ...இடது கால். முட்டி. ...போன வருஷத்துலேருந்து. ...நொண்டறதில்லைதான். இது நொண்டாத வலி."

கிளட்ச் என்பது அவருக்குக் கண்ணால் பார்த்த பழக்கம் மட்டுமே, காலால் மிதித்த பழக்கம் இல்லை. இதை வெளியே சொல்ல முடியுமா? கல்யாணப் பேச்சு நடந்தபோது பெண் வீட்டார் முன்னால் அவிழ்த்துவிட்ட லாரிக் கதை பதினாலு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. வருஷத்துக்கு ஒரு பாறை அதில் கூடுதலாக உருண்டு விழும். அந்த லாரியிலிருந்து இனி இறங்குவது எப்படி என்று அவருக்கே தெரியவில்லை. மடியில் கனம்.

"அதெல்லாம் இருக்கட்டும். யாரு சொல்லி மாத்தினீங்க? ...ஓனரா? யோவ், ஓனர் நான்தானே! ...ஆர்.சி. புக்குலயா? அது பேருக்கு எங்க வீட்டம்மா பேர்ல இருக்கு. ...பேருக்குண்ணே! ...எழுதிக் கையெழுத்தே போட்டுக் குடுத்தாளா? அவளுக்கு எதுக்கு கியரும் கிளட்ச்சும்? ஸ்டீரிங்கையே தொட்டதில்லையே அவ. ...என்னது? ...எத்தனை மாசமா? ...செவ்வாயும் வெள்ளியுமா? அண்ணே, அது தையல் கிளாஸு! ...டிரைவிங் ஸ்கூலா? ...எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். மூணு மாசமாப் போறா, ஒரு கைக்குட்டை கூடத் தைச்சு வரலையேன்னு. ...லைசென்ஸே வாங்கிட்டாளா? கிளட்ச் வண்டிக்கா?"

எழுந்து ஜன்னலுக்குப் போனார். வெளியே வெல்டர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, கீலைப் பார்ப்பதுபோல் இந்தப் பக்கமே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். நர்சரிக்காரர் ஜன்னலைச் சாத்தினார்.

"அண்ணே, ஒரே ஒரு விஷயம், மறைக்காம சொல்லுங்க. எனக்குத் தெரியாம வண்டியை எடுத்துக்கிட்டு எங்க போகப் போறா? ...எங்கயும் இல்லையா? அப்புறம் எதுக்கு? ...பம்பரா? பம்பருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நாய் குறுக்க வந்துச்சுன்னு அன்னிக்கே சொன்னேனே. ...கறுப்பு நாய். ...வெள்ளை நாய் முதல் தடவை, நாலு மாசம் முன்னாடி கண்ணாடி உடைஞ்சப்ப. இது வேற நாய். ...பிரேக் பிடிச்ச தடமே இல்லையா? மண் ரோட்டுல தடம் எப்படிண்ணே நிக்கும்? ...அவளை என்ன கேக்கறது? பயத்துல அவதான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டிருந்தா. ...மூடலையா? ...என்ன சொன்னா? ...நான் மூடியிருந்தேன்னா?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். மூன்று வாரத்துக்கு முன்னால் மேட்டுத் தோட்டத்திலிருந்து கன்றுகளை ஏற்றிக்கொண்டு வரும்போது, கண் முன்னால் இருந்த பாதை அப்படியே இருட்டிப்போனது. வெளிச்சம் திரும்பி வந்தபோது வண்டி பாலத்துச் சுவரில் முட்டி நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் மனைவி அவர் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் போனால் ஓட்டாதே என்பார். ஓட்டாமல் இருந்தால் தன்னை எவன் மதிப்பான் என்று பயந்தார். அந்தப் பயத்தில்தான் நாய்களைப் பெற்றெடுத்தார்.

"...இருக்கேன்ணே. லைன்லதான் இருக்கேன். ...யாரு, பின்னாடி? ...அங்கயா இருக்கா? வேணாம், குடுக்காதீங்க. நான் அப்புறமா... ...ஏம்மா."

குரல் சட்டென்று பாதியாகிவிட்டது.

"...ஆமா, நான்தான். சந்தைக்குன்னுதானே போனே? ...கோவமெல்லாம் இல்லை. கோவந்தான்! கட்டின புருஷன்கிட்ட நேராச் சொல்றதுக்கு என்ன? ...எப்ப சொன்னே? ...ஆமா, ஓட்ட வேணாம்னு சொன்னே. ...ரெண்டு தடவை. ...சரி, நாலு தடவை. ...ஆமா, நான் நாயைப் பத்திப் பேசினேன். ...சாவியை ஒளிச்சு வச்சிருந்தா வேற சாவி செஞ்சிருப்பேன், வாஸ்தவந்தான். அதுக்காக ஒரு கியர்பாக்ஸையேவா மாத்துவாங்க? ...ஆனா நீ ஒண்ணை மறந்துட்டே. கிளட்ச் வச்சா நான் தொட மாட்டேன்னு உனக்கு யாரு சொன்னா? லாரி ஓட்டினவன் நான்... ...என்ன சத்தம் அது? சிரிக்கிறியா? ...எந்தச் சட்டை? ...துவைக்கப் போட்டதா? ...பையில லைசென்ஸ் இருந்துச்சா? ...அதுல என்ன போட்டிருந்தா என்ன, அதையெல்லாமா வாசிப்பாங்க? ...ஆமா. ...'ஆட்டோமேட்டிக் மட்டும்'னுதான் போட்டிருக்கும். ...எந்த வருஷம் அதைப் பாத்தே? ...கல்யாணமாகி முதல் மாசமா!"

கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை, உர மூட்டையைப் பிரித்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"அப்ப பதினாலு வருஷமா, நான் லாரியைப் பத்திச் சொல்றப்பல்லாம் 'அப்புறம்?'னு கேட்டியே. ...தெரிஞ்சேவா கேட்டே? ...உங்க அண்ணன் முன்னாடிகூடக் கேட்டியேடி. ...ஏன் சொல்லலை? ...ம். ...ம். ...அதைச் சொல்றப்ப என் முகம் அவ்வளவு சந்தோஷமா இருக்குமா? ...இல்ல, ஒண்ணுமில்ல, கண்ணுல தூசி. ...ஏய். ஏய், நீ எதுக்கு அழறே? பட்டறையில எல்லாரும் பாக்கறாங்க. ...பாக்கட்டுமா? சரி, பாக்கட்டும். ...ஆமா. அந்தச் சுவர் இல்லேன்னா பள்ளந்தான். தெரியும். தினமும் அதுதான் கண்ணுல நிக்குது. நீ பக்கத்துல இருந்தியே. ...இல்லை. ...நாயே இல்லைம்மா. கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. ...முதல் தடவையும் அப்படித்தான், கண்ணு இருட்டிடுச்சு. ...பயமா இருந்துச்சு. ...உன்கிட்ட சொல்லத்தான் பயம்."

வெளியே கேட்டைத் தட்டும் சத்தம் கேட்டது. வெல்டருக்கு இனி ஒளிந்து கேட்க ஒன்றும் இல்லை போலும், வேலையில் இறங்கிவிட்டார்.

"...எத்தனை மணிக்கு டாக்டர்? ...இன்னிக்கேவா? எல்லாம் முன்னாடியே முடிவு பண்ணிட்டே. ...நீயா ஓட்டிட்டு வர்றே? அந்த மேட்டுல முதல் கியரைப் போட்டு... ...சரி, நான் வாயைத் திறக்கலை. எனக்கென்ன தெரியும். ...வர்றேன். ...பக்கத்து சீட்டுலதான் உக்காருவேன், வேற எங்க உக்காருவேன்? ...கஷ்டமெல்லாம் இல்லை. ஏம்மா, ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. ...அந்த லாரியிலயும் நான் பக்கத்து சீட்டுத்தான். ...கிளீனரு. எட்டு மாசம். ...ஆமா, அவ்வளவுதான். ...வளைவு நிஜம். இருபத்தினாலும் நிஜம், ஒண்ணொண்ணா எண்ணிக்கிட்டே வருவேன். ...ம். ...சரி. வை, போனை வச்சுட்டு வண்டியை எடு."