அடிக்குழாயில் ஒரு வெள்ளைக் கோடு

பழைய மலைச் சைக்கிளை மாற்றிவிடுவதா, நல்ல பாகங்களைப் போட்டு அதையே வைத்துக்கொள்வதா என்று யார் கேட்டாலும் நான் ஒன்றுதான் சொல்வேன். முதலில் ஃபிரேமைப் பாருங்கள். ஃபிரேம் நன்றாக இருந்தால் மற்ற எல்லாம் கழற்றி மாட்டக்கூடியவை. அது கெட்டுவிட்டால் எதைப் போட்டும் பயனில்லை. எங்கள் சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது, செயலாளர் என்ற முறையில், என் வேலைகளில் ஒன்று.

நீங்கள் மலையில் சைக்கிள் ஓட்டுகிறவர் இல்லை என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஐயா. அவசரம் ஒன்றும் இல்லையே.

யோங்பே அண்ணனின் சைக்கிளுக்குப் பதினொரு வயது. முன்னாலும் பின்னாலும் குலுக்கலைத் தாங்கும் ஷாக் உள்ள வகை. அவர் வாங்கிய காலத்தில் சுங்ஜு நகரம் முழுவதிலும் நாலைந்து பேரிடம்தான் அப்படி ஒன்று இருந்தது. இப்போது அந்தச் சக்கர அளவே வழக்கொழிந்துவிட்டது. டயர் கிடைப்பது அபூர்வம். பின் ஷாக்கில் எண்ணெய் கசிந்தது. செங்குத்தான இறக்கத்தில் ஆளைத் தலைகுப்புறத் தள்ளப் பார்க்கும். அதனால் அண்ணன் ஒவ்வொரு கல்லிடமும் வழி கேட்டுக்கொண்டு போகிறவர்போல மெதுவாக இறங்குவார். நான் அவருக்குப் பின்னால் போவேன். மற்றவர்கள் முன்னால் பறந்துவிடுவார்கள். அவருக்கு அறுபத்து நான்கு வயது, எனக்கு ஐம்பத்தொன்பது. அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டாமா என்று சொல்வேன். சங்கத்தில் என்னை அண்ணனின் நிழல் என்பார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

மூக்குச் சரிவை நீங்களே போய்ப் பார்த்துவிட்டீர்கள். பாதையின் நடுவில் பாறை மூக்குபோல நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் ஏறி விளிம்பில் நின்றால் அடுத்து சக்கரம் எங்கே விழப்போகிறது என்பது தெரியாது. ஆறு வருடங்களுக்கு முன் நான் அங்கே விழுந்தேன். காறை எலும்பு உடைந்தது. பிறகு நன்றாகச் சேர்ந்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து அந்தப் பாறை கண்ணில் பட்டாலே என் விரல்களில் ஒரு குளிர் ஏறும். பிரேக்கைப் பிடித்திருக்கிறேனா, வெறும் காற்றைப் பிடித்திருக்கிறேனா என்று தெரியாது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இதை நான் பயம் என்று சொல்லமாட்டேன். எச்சரிக்கை என்று சொல்லலாம். அண்ணன் முதல் வளைவில் மறைந்ததும் நான் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவேன். கடைசி வளைவுக்கு முன்னால் ஏறிக்கொள்வேன். அங்கே அண்ணன் எப்போதும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பார். நிமிர்வதற்கு முன் ஒருமுறை இருமுவார். அது அவருடைய பழக்கம்.

போன இலையுதிர் காலத்தில் சைக்கிள் கடைக்கார ஹாக்சு ஒரு புது சைக்கிளைக் கொண்டுவந்தான். பெரிய சக்கரம், நீண்ட உடல், கட்டைவிரலால் அழுத்தினால் சீட் தானாகத் தாழும். ஒரு நாள் ஓட்டிப் பார்க்க அண்ணனிடம் கொடுத்தான். மூக்குச் சரிவின் உச்சியில் நாங்கள் இருவரும் நின்றோம். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு அங்கே அவர் இல்லை.

அவ்வளவுதான் நடந்தது. அவர் போன சத்தம்கூட உடனே நின்றுவிட்டது. பாறை, ஓக் இலைகள், நான். அவர் முதுகு முன்னால் இல்லாமல் அந்த இடத்தை நான் பார்த்ததே கிடையாது என்பது அப்போதுதான் தெரிந்தது. சைக்கிளை விட்டு இறங்கினேன். உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. பிறகு தள்ளிக்கொண்டு நடந்து, அடிவாரத்தில் எல்லோரும் காத்திருந்த உணவுக்கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது, தட்டில் இருந்த ஓக் கொட்டைக் களி பாதிக்குமேல் தீர்ந்திருந்தது.

"என்ன கிதேக் அண்ணே, வழியில காளான் பறிச்சீங்களா?" என்றான் ஹாக்சு. எல்லோரும் சிரித்தார்கள்.

"வர்ற வழியில மக்கோலிக் கள்ளாவது வாங்கி வச்சிருக்கலாம், பாவம், தாகமா இருந்திருக்கும்," என்றார் இன்னொருவர்.

யோங்பே அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் சிவந்து, சின்னப் பையன்போல இருந்தது. "கிதேக்கு, இது சைக்கிள் இல்லடா. கட்டில். படுத்துக்கிட்டே எறங்கலாம்," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குவளையை எடுத்துக்கொண்டார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் அவரிடம் பேசினேன். நியாயமான விஷயங்களைத்தான் சொன்னேன். புதுசு உங்கள் உடம்புக்கு வேகம் அதிகம். பழைய ஃபிரேம் உங்கள் கைக்குப் பழகியது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கையும் பிரேக்கையும் மாற்றி, பின் ஷாக்கைப் பழுதுபார்த்தால் இன்னும் ஐந்தாறு வருடம் ஓடும். ஹாக்சு ஒத்துக்கொள்ளவில்லை.

"அண்ணே, கெழவனுக்குப் புதுப் பல்லு கட்டலாம். இடுப்ப என்ன பண்ணுவீங்க?" என்றான்.

"நீ வித்தாப் போதும்னு பேசுற," என்றேன் நான்.

அண்ணன் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். கடையின் அடுப்பில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் எழுந்துபோய் அடுப்பை அணைத்தார். "கிதேக்கு சொல்றான்ல. அப்ப இதுவே இருக்கட்டும். மெதுவாப் போவோம்," என்றார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் வாதம் வலுவாக இருந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

இனி நீங்கள் கேட்ட ஸ்டிக்கர் விஷயத்துக்கு வருகிறேன்.

மார்ச்சில் சக்கரப் பூசை செய்வோம். எல்லாச் சங்கங்களும் செய்வதுதான். மலையடிவார வாகன நிறுத்தத்தில் மேசை போட்டு, பன்றித் தலை, உலர்ந்த மீன், சிவப்புப் பயறு தூவிய அரிசிக் கேக் எல்லாம் வைத்து, இந்த ஆண்டு யாருக்கும் அடிபடக் கூடாது என்று மலைத் தெய்வத்தை வணங்குவோம். சைக்கிள்களை மேசைக்கு அருகில் வரிசையாக நிறுத்தி, அவற்றின் மேல் பால்போல வெளுத்த மக்கோலியை ஊற்றுவோம். மூத்தவர் என்பதால் அண்ணனின் சைக்கிள் மேசையை ஒட்டி நிற்கும். நான் முழங்காலிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தேன். தலையைத் தூக்கும்போது என் கண் அந்தச் சைக்கிளின் வயிற்றுக்கு நேராக இருந்தது. நின்றுகொண்டோ ஓட்டிக்கொண்டோ இருப்பவர்கள் யாரும் அந்த இடத்தைப் பார்க்க மாட்டார்கள்.

ஊற்றிய மக்கோலி வழிந்து போய்விட்டிருந்தது. ஓர் இடத்தில் மட்டும் போகவில்லை. ஃபிரேமின் அடிக்குழாய் போய், ஹேண்டில்பார் நிற்கும் தலைக்குழாயோடு சேரும் இடத்தின் கீழ்ப்புறத்தில், தலைமுடி அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. பெயின்ட்டில் விழுந்த கீறலில் மக்கோலி நிற்காது. உலோகத்துக்குள் இடம் இருந்தால்தான் நிற்கும்.

இரண்டாவது முறை வணங்கும்போது மறுபடியும் பார்த்தேன். கோடு அங்கேயே இருந்தது.

பிறகு என் கைக்குட்டையால் துடைத்தேன். என் பையில் அந்த ஆண்டுக்கான சங்க ஸ்டிக்கர்கள் இருந்தன. "எல்லோரும் வீடு திரும்புவோம்" என்று அச்சடித்தது. வாசகம் நான் எழுதியதுதான். மற்ற எல்லாச் சைக்கிள்களிலும் மேற்குழாயில் ஒட்டினேன். அண்ணனுடையதில் அடியில் ஒட்டினேன்.

"டேய், அங்க ஒட்டுறியே. எவன் படுத்துக்கிட்டுப் படிப்பான்?" என்றார் அண்ணன்.

"மலைத் தெய்வம் கீழேருந்துதானே அண்ணே பாக்கும்," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல பதில் என்று ஒருவர் என் தோளில் தட்டினார். காளான் பேச்சுக்குப் பிறகு அவர்கள் என்னோடு சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வாரமே புது சைக்கிள் வந்திருக்கும். அண்ணன் அந்தப் பாறையின் விளிம்பில் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு மறைந்துபோவார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மறைந்துபோவார்.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். நான் விழுந்ததுபோல ஒரு விழுதல், ஓர் எலும்பு, கொஞ்ச நாள் கட்டு. அவ்வளவுதான் நினைத்தேன். அதற்குப் பிறகு அவருக்கும் விரல்கள் குளிரும். உச்சியில் இருவரும் இறங்கி, பேசிக்கொண்டே தள்ளிக்கொண்டு போகலாம். வயதான இருவர் தள்ளிக்கொண்டு வந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

வாரா வாரம் அந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன். ஏப்ரல் கடைசியில் அதில் ஒரு மடிப்பு விழுந்தது. ஸ்டிக்கர் தானாக மடியாது, அதன் கீழே இருப்பது நகர்ந்தால்தான் மடியும். அந்த இரவு நான் தூங்கவில்லை. இருட்டில் என் கைகள் இல்லாத பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருந்தன. அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். அடுத்த வாரம் கட்டைவிரலால் அந்த மடிப்பை நீவிவிட்டேன்.

மே மாதத்தில் அக்கேசியா பூத்திருந்தது. மற்றவர்கள் முன்பே இறங்கி, உணவுக்கடைக்குப் போய்விட்டார்கள். அண்ணன் மூக்கின் மேல் ஏறினார், புது ஃபோர்க் ஒருமுறை அழுந்தி எழுந்தது, அவர் விளிம்பைத் தாண்டினார். காய்ந்த கிளை முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டது.

இறுதிச் சடங்கு மண்டபத்தில் ஹாக்சு என் எதிரில் உட்கார்ந்து, துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் மாட்டிறைச்சிச் சாறு குடித்தான். குடிக்கவில்லை, கரண்டியை வைத்துக் கலக்கிக்கொண்டே இருந்தான். "புதுச எடுத்துக்கங்கன்னு எத்தன தடவ சொன்னேன் அண்ணே. 'பின்னாடி ஒருத்தன் வர்றான்ல, அவன என்னடா பண்றது'ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டாரு," என்றான். யாரைச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு ஒரு மகன் இருக்கிறான். அவனைச் சொல்லியிருக்கலாம்.

முதல் நாள் நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு திருத்தம் இருக்கிறது. அண்ணன் விழுந்த உடனே மூச்சு நின்றுவிட்டது, உடனே நான் ஃபோன் செய்தேன் என்று சொன்னேன். அது சரியில்லை.

நான் சைக்கிளைப் போட்டுவிட்டு விளிம்புக்குப் போனேன். நிற்க முடியாமல், தவழ்ந்துதான் போனேன். கீழே ஓடைப் பள்ளத்தில் அவர் மல்லாந்து கிடந்தார். சைக்கிள் இரண்டு துண்டாகி, பிரேக் குழாயில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கண்கள் திறந்திருந்தன. என்னைப் பார்த்தார். நான் ஒரு காலைக் கீழே வைக்கப் பார்த்தேன். கால் வரவில்லை.

"கிதேக்கு, எறங்காத," என்றார். "உனக்கு இந்த எடம் ஆகாது. தெரியும்டா எனக்கு. அங்கயே உக்காந்து ஃபோன் பண்ணு."

நான் பதில் சொல்லவில்லை. எனக்குக் கேட்கவில்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். குரலை உயர்த்தினார்.

"பயப்படாதடா! அன்னிக்கு விழுந்ததுலேருந்தே தெரியும். யார்ட்டயும் சொல்லல. ஃபோன் மட்டும் பண்ணு."

அவருக்கு நல்ல கனமான குரல், ஐயா. உணவுக்கடை நேர் கீழே இருக்கிறது. அன்று காற்று கீழ்நோக்கி அடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் பேசுவது எனக்குக் கேட்டது என்றால், அவர் கத்துவது அவர்களுக்கும் கேட்டுவிடுமே என்று நினைத்தேன். அவர் திரும்பத் திரும்ப அதையே சொன்னார். பயப்படாதே, பயப்படாதே என்று.

ஃபோன் என் கையில்தான் இருந்தது. சிக்னல் இருந்தது. ஆட்கள் வந்தால் அவர்கள் முன்னாலும் அவர் அதையே சொல்வார்.

அவர் குரல் சிறிது சிறிதாகக் குறைந்தது. நடுவில் ஒருமுறை இருமினார். பூக்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. கடைசியில் கீழேயிருந்து ஹாக்சு, "என்ன அண்ணே, இன்னிக்கும் காளானா?" என்று கத்தினான். பள்ளத்திலிருந்து எந்தச் சத்தமும் வராததை உறுதிப்படுத்திக்கொண்டு, அதன் பிறகு ஃபோன் செய்தேன்.

இவ்வளவுதான். எழுதிக்கொள்ளுங்கள், எல்லாப் பக்கத்திலும் கைரேகை வைக்கிறேன். காரணம் என்ற இடத்தில் பொறாமை என்று போடுங்கள். பழைய பகை என்று போட்டாலும் சரி, மறுக்க மாட்டேன். பயந்துபோய்ச் செய்தான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. சங்கத்துக்காரர்கள் படிப்பார்கள்.