கண்ணாடி வழியே வந்த வெயில்

எனக்கு வயது பதினான்கு. சிறுமி என்பதால் என் பெயர் தனித்தாளில் எழுதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். அம்மா தையற்கூடத்தில் சட்டைகளுக்குக் காஜா, அதாவது பொத்தான் துளை, எடுக்கிறார். அதன் பின்னறையிலேயே நான், அம்மா, தங்கை மூவரும் குடியிருக்கிறோம்.

தங்கைக்கு இரண்டரை வயது. இரண்டு கால்களும் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். கூடத்தில் அவளை அடைப்புக்குறி என்பார்கள். "அடைப்புக்குறி வந்தாச்சு, நடுவுல என்ன எழுதலாம்?" என்று துணி வெட்டுபவர் கேட்டால் அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

வைட்டமின் டி குறைந்தால் எலும்பு மெலிந்து வளையும் ரிக்கெட்ஸ் நோய் வரும், உடம்பில் வெயில் பட வேண்டும் என்று அறிவியல் பாடத்தில் படித்தேன். முதலாளி கண்ணில் குழந்தைகள் படக் கூடாது என்பது மேற்பார்வையாளரின் உத்தரவு. ஆகவே வெளியே கொண்டுபோக முடியாமல், நான்கு மாதமாக, திறக்க முடியாத ஜன்னலுக்குக் கீழே அவளைத் தினமும் இருபது நிமிடம் உட்கார வைத்து நோட்டில் குறித்து வந்தேன். அதன் பிறகு பள்ளிக்கு வந்த நர்ஸிடம் நோட்டைக் காட்டினேன். "கண்ணாடி வழியா வர்ற வெயில்ல அந்தச் சத்து கிடைக்காதும்மா. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. கையக் காலப் புடிச்சு இழுத்துடாதீங்க, ஒடிஞ்சிடும்" என்றார். பயந்துவிடுவார் என்று, ஒடியும் என்பதை மட்டும் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அம்மா லீவு கேட்டார், கிடைக்கவில்லை.

அதன் பிறகு ஞாயிறு காலை பத்து மணிக்கு, இஸ்திரிப் பெட்டியால் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு, தங்கையை மேசைமேல் வெயிலில் உட்கார வைத்தேன். மேற்பார்வையாளர் வந்து, "உங்கப்பன் வீட்டுக் கண்ணாடியா?" என்று என்னை அறைந்தார். ஒரு பல் விழுந்தது. அதன் பிறகு தங்கையைக் கீழே இறக்க இடது காலைப் பிடித்து இழுத்தார். சாக்பீஸ் ஒடிவது போல ஒரு சத்தம் கேட்டது. தொடை நடுவில் மடங்கியது. அவள் உடனே அழவில்லை.

அதன் பிறகு அம்மா ஓடி வந்து, துணி வெட்டும் கத்திரிக்கோலால் மேற்பார்வையாளரின் கழுத்தில் ஒரு முறையும், அவர் விழுந்த பிறகு முதுகில் இரண்டு முறையும் குத்தினார். வெட்டி அடுக்கிய சட்டைக் கைகள் எல்லாம் ரத்தத்தில் ஊறின. அவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்ததாக இங்கே போலீசார் சொன்னார்கள்.

"அந்தாளு காலத் திருகி முறிச்சான்னு சொல்லுடி, அம்மாவக் காப்பாத்தலாம்" என்று என்னைப் பார்க்க வந்த சித்தி சொன்னார். மற்ற குழந்தைகளை இறக்குவது போலத்தான் மேற்பார்வையாளர் இழுத்தார். ஒடியும் என்று அவருக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அவர் காலைப் பிடித்தபோது சொல்ல நேரம் இருந்தது. அறை வாங்கிய கோபத்தில் நான் வாய் திறக்கவில்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதிய இந்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினார்கள். "திருகினார்" என்று இருந்த இடத்தை "இழுத்தார்" என்று மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். இப்போது இதில் உள்ளது எல்லாம் உண்மை.

(கையெழுத்து)