இன்று ரயில் இல்லை

அந்த மெத்தைமேல் உட்காருங்கள், இன்ஸ்பெக்டர். நான் தைத்ததுதான். வெறும் பெஞ்சில் உட்கார்ந்தால் குளிர் எலும்புவரை ஏறும்.

இந்த ஸ்டேஷனில் ஆள் போடுவதை ரயில்வே நிறுத்தியதிலிருந்து குளிர்காய அடுப்பு மூட்டுவதும் பனி தள்ளுவதும் என் பொறுப்பு. பனியில் வண்டி நின்றுபோனால் பெரிய ஸ்டேஷனிலிருந்து என் வீட்டுக்கு போன் வரும். 'இன்று ரயில் இல்லை' என்ற பலகையை மாட்டுவேன். வேலைக்குப் போகிறவர்கள் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். யாரும் மறுகேள்வி கேட்டதில்லை.

ஃபுசயே என் மருமகள். என் மகன் யோஷிகி போய்ச் சேர்ந்த பிறகும் என்னோடுதான் இருந்தாள். நகரத்து மில்லில் வேலை. மாலை வண்டிக்கு நான் இங்கே வந்து நிற்பேன்.

"எதுக்கு அத்தை இந்தக் குளிர்ல? நான் என்ன தொலைஞ்சா போயிடுவேன்?" என்று கேலி செய்வாள். அந்தக் குரலுக்காகத்தான் நான் உலை வைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் சாப்பிடும்போது சொன்னாள்: "மில்லுல ஒருத்தர் கட்டிக்கிறேன்னு கேட்டாரு. நாளைக்குப் போறேன், இனிமே அங்கதான். கோச்சுக்காதீங்க அத்தை."

நான் கோபப்படவில்லை. முள்ளங்கி ஊறுகாயை அவள் பக்கம் நகர்த்தினேன். உள்ளே எல்லாம் உடைந்துபோயிருந்தது.

மறுநாள் போன் வரவில்லை. ஆனாலும் பலகையை மாட்டினேன். ஒரு நாள் தள்ளிப்போனால் மனசு மாறுவாள் என்று நினைத்தேன். வந்த இரண்டு பேர் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஃபுசயே திரும்பவில்லை.

"அடுத்த ஸ்டேஷன்ல பஸ் இருக்கும், நடந்தே போயிடறேன்" என்றாள்.

அதுவரை சாலை பனியில் மூடிக்கிடந்தது. பனி தள்ளியிருந்தது தண்டவாளத்தில் மட்டும்தான். வண்டி இல்லாத நாளில் எங்கள் ஊரார் அதில்தான் நடப்பார்கள். பெட்டியோடு இறங்கி நடந்தாள். ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் கூப்பிட்டுவிடலாம் என்று நின்றேன். அவள் பார்க்கவில்லை. வளைவில் மறைந்தாள்.

பலகையைக் கழற்றிப் பெஞ்சுக்கடியில் வைத்தேன். வண்டி வந்து நின்றது. யாரும் ஏறவில்லை. ஓட்டுநர் தொப்பியைத் தொட்டு வணங்கினார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் குனிந்து வணங்கினேன். வண்டி அவள் போன பக்கமே புறப்பட்டது.

அவர்மேல் தப்பில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். பாவம், அழுதுகொண்டே இருந்தார்.

அவள் அஸ்திக் கலசம் வீட்டில், யோஷிகியின் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு வேளையும் சோறு வைக்கிறேன். மில்லுக்காரர் வந்து அழுதார், அவருக்கும் டீ கொடுத்தேன். ஃபுசயே என்னை விட்டுப் போகிற பெண் இல்லை என்று அவரிடம் சொன்னேன்.